ஐரோப்பாவுக்கு போல்ட், நட் அனுப்புகிறீர்களா? சிபாம் கார்பன் கணக்கைத் தொடங்குவது முதல் முடிப்பது வரை

ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒரு எக்செல் கோப்பை அனுப்பி, "இரண்டு வாரத்துக்குள் நிரப்பி அனுப்புங்கள், அடுத்த ஆர்டர் அதைப் பார்த்துத்தான்" என்று எழுதியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். கோயம்புத்தூரில் ஒரு சிறிய ஃபாஸ்டனர் யூனிட்டின் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கிறவன் நான். அந்தக் கோப்பை நிரப்ப ஸ்டோர், ஸ்டாக்கிஸ்ட், ஆடிட்டர் என்று ஆள் ஆளாக அலைந்திருக்கிறேன். அந்த அலைச்சலில் பாதி உங்களுக்குக் குறைந்தாலும் போதும்.

பருவநிலை மாற்றத்தின் ஆபத்து என்றதும் நமக்குப் புயலும் வறட்சியும்தான் நினைவுக்கு வரும். அதைத் தடுக்க ஒரு நாடு போடும் சட்டம், கடல் தாண்டி வந்து குறிச்சி சிட்கோவில் இருக்கும் பட்டறையின் லாபத்திலும் கை வைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி அப்படிப்பட்டது. பொருளைச் செய்யும்போது வெளியான கார்பனுக்கு ஏற்ப இறக்குமதியில் வசூலிப்பது அது. தொழிலில் எல்லோரும் 'சிபாம்' (CBAM) என்பார்கள். 2023 அக்டோபர் முதல் 2025 டிசம்பர் வரை வெறும் அறிக்கை கொடுத்தால் போதும் என்றிருந்தது. 2026 ஜனவரி 1 முதல் நுழையும் சரக்குக்குக் காசும் கட்ட வேண்டும். இது நியாயமா, ஏழை நாடுகள் மேல் சுமத்தும் பாரமா என்ற வாதம் முக்கியமானது, இந்திய அரசும் அதை எழுப்பி வருகிறது. ஆனால் அந்த வாதம் முடியும்வரை உங்கள் கன்டெய்னர் தூத்துக்குடியில் காத்திருக்காது.

1. முதலில் உங்கள் பொருள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்

இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை இப்போது பட்டியலில் உள்ளன. ஆனால் "இரும்பால் செய்தது எல்லாம்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பொருளை வகைப்படுத்தும் சர்வதேச கஸ்டம்ஸ் எண்ணான எச்.எஸ். கோடுதான் தீர்மானிக்கும். 7318 (போல்ட், நட், ஸ்க்ரூ, வாஷர்) உள்ளே. 7307 (குழாய் இணைப்புகள், ஃப்ளாஞ்ச்) உள்ளே. 7326 என்ற 'இதர இரும்புப் பொருள்கள்' தலைப்பும் உள்ளே. 7325-இல் போகும் வார்ப்புகள் பட்டியலில் இல்லை. 8413 பம்பு, 8481 வால்வு, 8708 வண்டி உதிரிபாகம் எதுவும் இல்லை.

இங்கேதான் முதல் பொறி. நம் ஷிப்பிங் பில்லில் ஒரு கோடு இருக்கும், ஐரோப்பாவில் பையரின் கஸ்டம்ஸ் ஏஜெண்ட் வேறு கோடு போட்டிருப்பார். இரு நாட்டுக்கும் முதல் 6 இலக்கம் பொது, அதற்குப் பிறகு அவரவர் வழி. அங்கே இறக்குமதி அறிவிப்பில் எந்த 8 இலக்கக் கோடு போடுகிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இஷ்டத்துக்கு 7326-இல் போட்டு அனுப்புகிற பழக்கம் நம் ஊரில் நிறைய. வண்டி உதிரிபாகமாக வகைப்படுத்த வேண்டியது 7326-இல் போனால் தேவையில்லாமல் வரி வலையில் சிக்கும். சந்தேகம் இருந்தால் உங்கள் சி.எச்.ஏ.விடம் (இங்குள்ள கஸ்டம்ஸ் ஏஜெண்ட்) பொருளின் வரைபடத்தைக் கொடுத்து வகைப்பாட்டை ஒருமுறை சரிபாருங்கள். வரியைத் தவிர்க்க எச்.எஸ். எண்ணை மாற்றிப் போடாதீர்கள், அது அங்கே கஸ்டம்ஸ் குற்றம்.

எஃகு, அலுமினியம் அதிகம் சேரும் இன்னும் பல பொருள்களுக்கு 2028 முதல் இதை விரிக்கலாம் என்று 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்திருக்கிறது. இன்று வெளியே இருப்பவர்களும் இந்த வருடமே ரசீதுகளை ஒழுங்காக வைக்கத் தொடங்குவது நல்லது.

2. 50 டன் விலக்கை நம்பி உட்கார வேண்டாம்

2025-இல் வந்த திருத்தத்தின்படி, வருடத்துக்கு 50 டன்னுக்குள் இறக்குமதி செய்பவருக்கு விலக்கு உண்டு. "நாம் 12 டன்தானே அனுப்புகிறோம், நமக்கு வராது" என்று பலர் சொல்லக் கேட்கிறேன். அந்த 50 டன் உங்கள் கணக்கு அல்ல, பையரின் கணக்கு. அவர் சீனா, தைவான், துருக்கி, லூதியானா என்று எல்லா இடத்திலிருந்தும் வாங்கும் இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம் அத்தனையையும் கூட்டித்தான் 50 டன் பார்ப்பார்கள். கொஞ்சம் பெரிய பையர் என்றால் ஜனவரியிலேயே தாண்டிவிடுவார்.

ஆகவே பையரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்த வருடம் நீங்கள் 50 டன்னைத் தாண்டுவீர்களா? சிபாம் அறிவிப்பைத் தாக்கல் செய்து காசு கட்டும் அங்கீகாரம் பெற்றவர், அதாவது டிக்ளரண்ட் யார், நீங்களா, உங்கள் ஏஜெண்டா? இரண்டுக்கும் பதில் மின்னஞ்சலில் இருக்கட்டும். போனில் சொன்னது பிறகு நிற்காது.

டி.டி.பி. முறையில், அதாவது அவர் வாசல்வரை எல்லாச் செலவும் நம்முடையது என்று விற்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே இறக்குமதியாளர் நீங்களே ஆகிவிடுகிறீர்கள். ஐரோப்பாவில் அலுவலகம் இல்லாதவருக்கு, பொறுப்பேற்கும் மறைமுகக் கஸ்டம்ஸ் பிரதிநிதி ஒருவர் வேண்டும். அவர் சும்மா வர மாட்டார், வங்கி உத்தரவாதம் கேட்பார். முடிந்தால் எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும்வரை நம் செலவு) அல்லது சி.ஐ.எஃப். (அவர் துறைமுகம்வரை கப்பல் கட்டணமும் இன்சூரன்சும் நம்முடையது) முறைக்கு மாறிவிடுங்கள்.

3. கார்பன் எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைப் புரிந்துகொண்டால் மற்ற வேலையெல்லாம் பாதியாகக் குறையும். போல்ட் செய்யும் பட்டறையில் எரிவது கொஞ்சம்தான். ஹீட் ட்ரீட்மெண்ட் ஃபர்னஸில் எல்.பி.ஜி., ஜெனரேட்டரில் டீசல், அவ்வளவே. பெரும்பங்கு கார்பன் நீங்கள் வாங்கும் எஃகுக் கம்பிச் சுருளான வயர் ராடிலேயே வந்து இறங்குகிறது. நிலக்கரியும் இரும்புத்தாதுவும் போட்டு பிளாஸ்ட் ஃபர்னஸில் உருக்கிய எஃகு என்றால் டன்னுக்குச் சுமார் 2 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. ஸ்க்ராப்பை மின் உலையில் உருக்கியது என்றால் அதில் ஒரு சிறு பகுதிதான்.

எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இப்போது நேரடி உமிழ்வை மட்டுமே காசாக்குகிறார்கள். வாங்கும் மின்சாரத்தின் கார்பன் கணக்கில் வராது. அதனால் "கூரையில் சோலார் போட்டால் சிபாம் குறையும்" என்று யாராவது விற்க வந்தால், உங்கள் போல்ட்டுக்கு அது பொருந்தாது. சோலார் கரண்ட் பில்லைக் குறைக்கும், அதற்காகத் தாராளமாகப் போடுங்கள். மரம் நடுவது, கார்பன் கிரெடிட் வாங்குவது எதுவும் இந்தக் கணக்கில் கழியாது.

இன்னொன்று: வெட்டு, டிரிம்மிங், ரிஜெக்ட் என்று வெளியே போகும் ஸ்க்ராப் தன்னோடு கார்பனை எடுத்துப் போகாது. முழுதும் நல்ல போல்ட் மேல்தான் ஏறும். ஒரு டன் போல்ட்டுக்கு 1.1 டன் வயர் ராடு செலவாகி, அந்த ராடு டன்னுக்கு 2.4 என்றால், போல்ட் 2.64-இல்தான் தொடங்குகிறது. ரிஜெக்ட் குறைப்பது முன்பு தரப் பிரச்சினை, இப்போது அது யூரோ பிரச்சினையும்கூட.

4. ஆவணங்கள்: ஹீட் நம்பர்தான் உயிர்

எனக்கு அதிகக் காலம் பிடித்தது இந்த இடத்தில்தான். வயர் ராடு சுருள் (காயில்) ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய தகடு தொங்கும். மில் பெயர், கிரேடு, ஹீட் நம்பர் (ஒரே உருக்கில் வந்த எஃகுக்கு மில் போடும் எண்) அதில் அடித்திருக்கும். பல பட்டறைகளில் காயிலை ஆசிட் தொட்டிக்கு அனுப்பும் முன் அந்தத் தகட்டை அறுத்துக் கீழே போட்டுவிடுவார்கள். அதோடு அந்த எஃகு எந்த மில்லில் பிறந்தது என்ற தடம் போய்விடுகிறது. நாளையிலிருந்து ஆசிட் தொட்டி (பிக்ளிங்) ஆளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தகட்டை அறுக்கும் முன் ஹீட் நம்பர், எடை, தேதி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். போனில் படம் எடுத்து வைத்தாலும் சரி. செலவே இல்லாத இந்த வேலை பின்னால் லட்சங்களை மிச்சப்படுத்தும்.

தேவைப்படும் காகிதங்கள் இவை:

வயர் ராடு வாங்கிய இன்வாய்ஸ்கள், ஒவ்வொன்றோடும் மில் டெஸ்ட் சர்டிஃபிகேட். ஸ்டாக்கிஸ்ட் தரும் நகலில் மில் பெயரை மறைத்திருந்தால் ஏற்க வேண்டாம்.

எல்.பி.ஜி., டீசல், ஃபர்னஸ் ஆயில் பில்கள், வருட ஆரம்ப இருப்பு, முடிவு இருப்பு. பில் மட்டும் போதாது, எரித்த அளவு வேண்டும்.

மாதவாரி உற்பத்தி எடை, ஸ்க்ராப் விற்ற பில், எடைமேடைச் சீட்டு, எடைமேடை முத்திரைச் சான்று.

ஜாப் ஒர்க்குக்குப் போன சலான்கள். ஹீட் ட்ரீட்மெண்ட்டை வெளியே கொடுத்தால் அவர்களுடைய எரிபொருள் விவரமும் கேட்பார்கள். ஜாப் ஒர்க் காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், வருடக் கடைசியில் கேட்டால் அவரிடம் இருக்காது.

பட்டறையின் பதிவுச் சான்று, முழு முகவரி, தசமத்துக்குப் பின் 6 இலக்கம் கொண்ட அட்சரேகை, தீர்க்கரேகை. போன் மேப்பில் அழுத்திப் பிடித்தால் வரும்.

இவை எல்லாம் ஜனவரி முதல் டிசம்பர் வரை இருக்க வேண்டும். நம் புத்தகம் ஏப்ரல்–மார்ச். ஆடிட்டர் தரும் வருடக் கணக்கை அப்படியே எடுத்துப் போட்டால் பொருந்தாது. மாதவாரியாகப் பிரித்து வைத்தால்தான் இரண்டு பக்கமும் நிற்கும்.

5. மில்லிடம் எண்ணைக் கேட்டு வாங்குவது

பெரிய எஃகு ஆலைகள் தங்கள் உமிழ்வு எண்களை வாடிக்கையாளருக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டன. ஆனால் ஸ்டாக்கிஸ்ட் வழியாக வாங்கும் சிறு யூனிட்டுக்கு நேராகப் பதில் வருவது கடினம். தனியாகக் கேட்டுப் பதில் வராவிட்டால், ஒரே மில்லிலிருந்து வாங்கும் நான்கைந்து யூனிட்டுகள் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதுங்கள். சங்கம் மூலம் போனால் இன்னும் நல்லது. எண் மட்டும் வாங்கினால் போதாது. எந்த ஆலை, எந்த வருடம், எந்த உற்பத்தி முறை, சரிபார்ப்பு அறிக்கை உண்டா என்ற நான்கும் சேர்ந்து வர வேண்டும்.

இந்திய எஃகு அமைச்சகத்தின் பசுமை எஃகு வரையறை 2024 டிசம்பரில் வந்தது. டன்னுக்கு 2.2-க்குக் கீழே இருந்தால் நட்சத்திரம் உண்டு. அந்தச் சான்றைக் காட்டி "இதுதான் சிபாம் எண்" என்று மில் சொன்னால் ஏற்காதீர்கள். அதில் மின்சாரமும் சேர்ந்திருக்கும், கணக்கின் எல்லையே வேறு.

மில் கடைசிவரை தரவில்லை என்றால் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்டிருக்கும் இயல்பு மதிப்பைப் போட வேண்டும். நாட்டுவாரியாக இருக்கிறது, மேலே அபராதம் போல ஒரு கூடுதலும் உண்டு: 2026-க்கு 10 சதவீதம், 2027-க்கு 20, 2028 முதல் 30. எந்த நாட்டில் உருக்கியது என்றே தெரியாத எஃகுக்கு இன்னும் கடுமையான எண். தகட்டை ஏன் பத்திரப்படுத்தச் சொன்னேன் என்பது இப்போது புரியும்.

6. கணக்குப் போடுவது

உங்கள் பட்டறையின் எரிபொருளுக்கு, எரித்த எடை × வெப்ப மதிப்பு × உமிழ்வுக் காரணி. சர்வதேச நிலையான எண்களின்படி ஒரு டன் எல்.பி.ஜி. எரிந்தால் கிட்டத்தட்ட 2.98 டன், ஒரு டன் டீசலுக்கு 3.19 டன் கார்பன் டை ஆக்சைடு. டீசலை லிட்டரில் வாங்குவோம், டன்னாக மாற்ற அடர்த்தி வேண்டும், மறக்காதீர்கள். 2025 திருத்தத்தில் சில இறுதிக்கட்ட வேலைகளைக் கணக்கு எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். உங்கள் வேலை அதில் வருமா என்று சரிபார்ப்பவரிடம் தொடக்கத்திலேயே கேளுங்கள். பதிவை மட்டும் எப்படியும் வைத்திருங்கள்.

இதோடு வயர் ராடின் பங்கைக் கூட்டி, மொத்தப் போல்ட் எடையால் வகுத்தால் டன்னுக்கான எண் கிடைக்கும். இதை நிரப்பும் எக்செல் கோப்பு ஆணையத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. பையர் அனுப்பியது பழைய பதிப்பா என்று முதலில் பாருங்கள். பழைய இடைக்காலக் கோப்பை இன்னும் பலர் சுற்றில் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். பையருக்குக் கடைசிச் சுருக்கப் பக்கம் போதும். உங்கள் கொள்முதல் விலை, சப்ளையர் பட்டியல் உள்ள பக்கங்களை அவருக்கு அனுப்பத் தேவையில்லை.

7. எவ்வளவு ஆகும்? 2.5 சதவீதக் குழப்பம்

2026-இல் 2.5 சதவீதம்தான் கட்ட வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, இது பெரிய பொறி. ஐரோப்பிய ஆலைகள் காசு கட்டாமல் வெளியிடலாம் என்று தரும் இலவசக் கார்பன் ஒதுக்கீடு 2.5 சதவீதம் குறைகிறது என்பதுதான் அதன் பொருள். உங்கள் மொத்த உமிழ்விலிருந்து, அந்தப் பொருளுக்கு அளவுகோலாக அவர்கள் வைத்திருக்கும் உமிழ்வு எண்ணின், அதாவது பெஞ்ச்மார்க்கின் 97.5 சதவீதத்தைக் கழித்தபின் மிஞ்சுவது முழுதுக்கும் விலை உண்டு.

கணக்குக்காக ஒரு எடுத்துக்காட்டு. உங்கள் போல்ட் டன்னுக்கு 2.6, பெஞ்ச்மார்க் 1.4, சான்றிதழ் (டிக்ளரண்ட் ஒரு டன் கார்பனுக்கு ஒன்று வாங்க வேண்டும்) விலை 75 யூரோ என்று வைத்துக்கொள்வோம். 1.4-இல் 97.5 சதவீதம் 1.365. மிச்சம் 1.235. செலவு டன்னுக்குச் சுமார் 93 யூரோ. வெறும் 2.5 சதவீதம் என்று போட்டவர் 5 யூரோ என்று நினைத்து விலை சொல்லியிருப்பார். அந்த ஒதுக்கீடு 2030-இல் 51.5 சதவீதமாக இறங்கும், அப்போது அதே போல்ட்டுக்கு 141 யூரோ. 2034-இல் ஒதுக்கீடே இல்லை, 195 யூரோ. பெஞ்ச்மார்க் எண்ணை நான் ஊகமாகப் போட்டிருக்கிறேன், உங்கள் கோடுக்கு உரியதை ஆணையத்தின் பட்டியலில் பார்த்துப் போடுங்கள். உண்மை எண் கொடுப்பவருக்கும் இயல்பு மதிப்பு கொடுப்பவருக்கும் தனித்தனி பெஞ்ச்மார்க் இருக்கிறது.

8. சரிபார்ப்புக்குச் செலவழிக்கலாமா?

உண்மை எண்ணைப் பயன்படுத்த வேண்டுமென்றால், ஐரோப்பிய விதிப்படி அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பு நிறுவனம் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். முதல் முறை நேரில் வந்து பட்டறையைப் பார்ப்பார்கள். உள்ளூரில் வாங்கிய ஐ.எஸ்.ஓ. 14064 (கார்பன் கணக்குக்கான சர்வதேசத் தரம்) சான்று இதற்கு ஈடாகாது. கட்டணம் லட்சங்களில் போகும், பயணச் செலவு தனி. குறைந்தது மூன்று இடத்திலாவது விலை கேளுங்கள், அங்கீகாரக் கடிதத்தில் உங்கள் துறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லோருக்கும் இது லாபமில்லை. இயல்பு மதிப்பைவிட உங்கள் எண்ணால் டன்னுக்கு 0.8 டன் மிச்சம் என்று வைப்போம். வருடம் 60 டன் அனுப்பினால் 60 × 0.8 × 75 = 3,600 யூரோ. யூரோ 100 ரூபாய் என்றால் 3.6 லட்சம். சரிபார்ப்பு அதற்கு மேல் கேட்டால் இயல்பு மதிப்போடு போய்விடுங்கள். 500 டன் அனுப்புகிறவருக்கு அதே கணக்கு 30 லட்சம், அவர் யோசிக்கவே வேண்டாம்.

"சிபாம் சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறோம்" என்று வரும் ஆட்களிடம் உஷாராக இருங்கள். சிபாம் சான்றிதழை ஐரோப்பிய உறுப்பு நாடுகள்தான் விற்கும், அங்குள்ள டிக்ளரண்ட் மட்டும்தான் வாங்க முடியும். இந்தியாவில் அதை யாராலும் உங்களுக்கு விற்க முடியாது.

9. பதிவேட்டில் உங்கள் ஆலையைச் சேர்ப்பது

ஐரோப்பிய சிபாம் பதிவேட்டில் வெளிநாட்டு ஆலைகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ஒருமுறை பதிந்தால் 5 வருடம் செல்லும். பத்து பையர் இருந்தால் பத்துக் கோப்பு அனுப்பாமல், ஒரே இடத்தில் ஏற்றி யார் பார்க்கலாம் என்று நீங்களே அனுமதி கொடுக்கலாம். பதிவுச் சான்றில் உள்ள பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். 'பிரைவேட் லிமிடெட்' ஒரு இடத்தில் சுருக்கம், இன்னொரு இடத்தில் முழுசு என்றிருந்தால் திரும்பி வரும்.

10. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

"சிபாம் செலவு முழுதும் விற்பவருடையது" என்ற ஒரு வரி இப்போது புது ஒப்பந்தங்களில் நுழைகிறது. சட்டப்படி கட்ட வேண்டியவர் அங்குள்ள டிக்ளரண்ட். அவருக்குச் சான்றிதழ் குறைந்தால் குறையும் ஒவ்வொன்றுக்கும் 100 யூரோவுக்கு மேல் அபராதம், அந்த அபராதத்தையும் சேர்த்து உங்கள் தலையில் வைக்கும்படி அந்த வரி எழுதப்பட்டிருக்கலாம். சான்றிதழ் விலை என்னவாகும் என்று யாருக்கும் தெரியாத நிலையில் திறந்த வாக்குறுதி கொடுக்காதீர்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: நாங்கள் கொடுத்த எண் தவறாக இருந்தால் அந்த வித்தியாசத்துக்கு மட்டும் பொறுப்பு, அதற்கும் உச்சவரம்பு உண்டு, சான்றிதழ் விலை ஏற்றத்தைப் பாதிப் பாதி பகிர்வோம். குறைந்த கார்பன் வயர் ராடு வாங்கினால் அந்த மிச்சத்தில் உங்களுக்கும் பங்கு கேளுங்கள். கொடுக்கிற பையர்கள் இருக்கிறார்கள், கேட்காதவருக்குக் கிடைக்காது.

11. தேதிகள்

2026 முழுதும் தரவு சேர்க்கும் காலம். 2027 பிப்ரவரியில் 2026-க்கான சான்றிதழ் விற்பனை தொடங்கும். 2026 இறக்குமதிக்கான அறிவிப்பை டிக்ளரண்ட் 2027 செப்டம்பர் 30-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். நமக்கு செப்டம்பர் வரை நேரம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கோப்பைச் சரிபார்த்துப் பதிவேட்டில் ஏற்ற பையருக்கு மாதங்கள் வேண்டும், சரிபார்ப்பவர்கள் எண்ணிக்கையும் குறைவு. 2027 ஜனவரியிலேயே வருடக் கணக்கை மூடி, மார்ச்சுக்குள் சரிபார்ப்பவர் வந்து போகும்படி இந்த வருடமே தேதி வாங்கி வையுங்கள். நிறைய பையர்கள் காத்திருக்காமல் இப்போதே உத்தேச எண் கேட்பார்கள். கொடுக்கும்போது 'உத்தேசம், சரிபார்க்கப்படவில்லை' என்று கோப்பிலேயே எழுதிக் கொடுங்கள்.

பிரிட்டனுக்கு அனுப்புகிறவர்களுக்குத் தனிக் கணக்கு. அவர்களுடைய சிபாம் 2027 ஜனவரி 1-இல் தொடங்குகிறது. விலக்கு வரம்பை அங்கே எடையில் வைக்கவில்லை, 12 மாதத்துக்கு 50,000 பவுண்டு மதிப்பு என்று வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவுக்காகச் சேர்க்கும் அதே ஹீட் நம்பர் நோட்டும் எரிபொருள் பில்லும் அங்கேயும் உதவும், ஆகவே கோப்புகளை நாடு வாரியாகப் பிரிக்காமல் காயில் வாரியாகவே வையுங்கள்.